தூசிக்கு எமன், ஒரு துண்டுக் குச்சி!

ஒரே ஒரு தூசி போதும். ஓடிக்கொண்டிருக்கும் கைக்கெடிகாரம் நின்று போகும்!

சாலையில் கிடக்கும்போது அந்தத் தூசி யார் கண்ணிலும் படாது. கெடிகாரத்துக்குள் போய்விட்டால் அது ஒரு பாறாங்கல். உள்ளே இருக்கும் பாகங்கள் அவ்வளவு சின்னவை. இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கிறதே ஒரு சக்கரம், அதற்கு பேலன்ஸ் வீல் என்று பெயர். அது சுழலும் அச்சின் நுனி, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனம்தான். தலைமயிரை விடக் கொஞ்சம் தடிப்பு. அவ்வளவே!

அந்த நுனியின் மேல்தான் முழு வேலையும் நடக்கிறது. சாவி கொடுக்கும் பழைய எச்.எம்.டி. ஜனதா கெடிகாரத்தில் அந்தச் சக்கரம் வினாடிக்கு 5 தடவை ஆடும். மணிக்கு 18 ஆயிரம். நாள் ஒன்றுக்கு 4 லட்சத்து 32 ஆயிரம். வருஷத்துக்கு 15 கோடிக்கு மேல்! மனிதன் செய்த வேறு எந்தச் சாமான் இப்படி இரவு பகல் ஓயாமல் உழைக்கிறது?

இந்த உழைப்பாளியைச் சுத்தம் செய்யப் பயன்படும் கருவிகளைப் பார்த்தால் பலருக்குச் சிரிப்பு வரும். ஒரு குச்சி. ஒரு தையல் ஊசி. ஒரு துண்டு நெட்டி. காது மருந்து விடும் ரப்பர் குமிழ். பஸ் நிலையத்து ஓரத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்காரரின் சொத்து பெரும்பாலும் இவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டு, "இவரிடம் கொடுத்தால் உருப்படுமா?" என்று முகம் சுளித்துப் போகிறவர்கள் உண்டு. "குச்சியை வைத்துக் குடைவதற்கு இவ்வளவு கூலியா?" என்று பேரம் பேசுகிறவர்களும் உண்டு.

இரண்டும் தப்பு. அந்தக் குச்சிதான் சரியான கருவி!

குச்சியின் ரகசியம்

தூசி என்பது என்ன? பெரும்பாலும் பொடி மணல். மணல் எஃகை விடக் கெட்டியானது. இந்தப் பொடி மணல் கெடிகாரத்தில் விட்ட எண்ணெயோடு சேர்ந்தால் என்ன ஆகும்? சாணைக்கல்லில் பூசும் பசை போல் ஆகிவிடும். சக்கரம் சுற்றச் சுற்ற, அந்தப் பசை அச்சைத் தேய்க்கும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கெடிகாரத்தின் தகடு பித்தளை. அது மெத்தென்ற உலோகம். அச்சோ எஃகு. எது முதலில் தேயும்? பித்தளை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நடப்பது பல சமயம் நேர்மாறு! மணல் துகள் பித்தளையில் போய்ப் பதிந்து கொள்ளும். பதிந்த இடத்திலிருந்து அரம் போல் எஃகை அறுக்கும். மெலிந்தவன் கையில் கத்தி கிடைத்த கதைதான்.

ஆகவே அந்த ஓட்டைக்குள் இருக்கும் தூசியை எடுத்தே ஆக வேண்டும். எதனால் எடுப்பது? ஊசியை விட்டுக் குடையலாமா? கூடாது. ஊசி பித்தளையைக் கீறிவிடும். வட்டமான ஓட்டை கோணலாகிவிடும். பிறகு அச்சு ஆட்டம் காணும். பஞ்சைத் திரித்து விடலாமா? பஞ்சின் இழை உள்ளே தங்கிவிடும். அதுவும் தூசிக்குச் சமம்.

குச்சியோ இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தூசியைக் கிளப்பும் அளவுக்குக் கெட்டி. பித்தளையைக் கீறாத அளவுக்கு மென்மை. சுத்தம் செய்யும் கருவி, சுத்தம் செய்யப்படும் பாகத்தை விட மென்மையாக இருக்க வேண்டும். கெடிகாரத் தொழிலின் முதல் பாடம் இதுதான். பெரிய கடைகளில் நுண்ணொலியால் கழுவும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். நல்ல இயந்திரம்தான். ஆனாலும் வருஷக்கணக்கில் காய்ந்து கோந்தாகிப் போன எண்ணெய் ஒரு ஓட்டைக்குள் பிடித்துக் கொண்டிருந்தால், அந்தக் கடையிலும் குச்சியைத்தான் எடுப்பார்கள். சுவிட்சர்லாந்திலே கெடிகாரப் பள்ளிக்கூடத்தில் சேரும் மாணவனும் குச்சி சீவப் பழகுகிறான்!

சீவுவது எப்படி?

பென்சில் சீவுவது போல்தான். பிளேடினால் நீளமாக, கூராகச் சீவ வேண்டும். நுனியை ஓட்டைக்குள் விட்டு, இரண்டு விரலால் உருட்ட வேண்டும். வெளியே எடுத்தால் நுனி கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பைச் சீவி எறிந்துவிட்டு, மறுபடி உள்ளே விட்டு உருட்ட வேண்டும். மறுபடி கறுப்பு. மறுபடி சீவல். எத்தனை தடவை? கணக்கு இல்லை. உள்ளே போன நுனி வெள்ளையாக வெளியே வரும் வரை!

ஒரு கெடிகாரத்தில் இப்படிப் பல ஓட்டைகள். ஒவ்வொன்றுக்கும் இதே வேலை. கூலி எதற்கு என்று கேட்கிறவர்கள் இதை ஒரு தடவை செய்து பார்க்கட்டும்.

எல்லாக் குச்சியும் ஆகாது. விளக்குமாற்று ஈர்க்குச்சி நார் நாராகப் பிரியும். ஒரு நார் ஓட்டைக்குள் முறிந்து நின்றால் வந்தது வினை. தீக்குச்சி ரொம்ப மெத்து. பெரிய ஓட்டைக்குத்தான் லாயக்கு. (அப்போதும் மருந்துத் தலையை முதலில் வெட்டி எறிந்துவிட வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் கிண்ணம் இருக்கலாம்!) பல் குத்தும் மூங்கில் குச்சி பரவாயில்லை. நெருக்கமான இழை உள்ள, பிசின் இல்லாத, நன்றாகக் காய்ந்த கட்டையாக இருந்தால் நல்லது. தச்சுப் பட்டறையில் கீழே கிடக்கும் துண்டுகளிலேயே தேடிப் பார்க்கலாம்.

தச்சுப் பட்டறை என்றதும் ஒரு மனிதரைச் சொல்ல வேண்டும். அவர் ஜான் ஹாரிசன். 1693-ல் இங்கிலாந்தில் ஒரு தச்சருடைய மகனாகப் பிறந்தவர். அவர் முதலில் செய்த கெடிகாரங்களின் சக்கரங்கள் மரம்! எண்ணெய்ப் பசை இயற்கையாகவே ஊறிய ஒரு கட்டையைத் தேடிப் பிடித்து, எண்ணெயே விட வேண்டாத மணிக்கூண்டுக் கெடிகாரம் செய்தார். பின்னால் அவரே கடலில் கொண்டு போகும் கெடிகாரம் ஒன்றையும் செய்தார். 1761-ல் கப்பலில் அது ஜமைக்கா தீவுக்குப் போயிற்று. 81 நாள் பிரயாணத்தில் அது தவறியது 5 வினாடிதான்! தச்சர் கைக்குப் பழக்கமான மரம் கெடிகாரத்துக்கு ஆகாத சாமான் அல்ல.

மாட்டுப் பொங்கல் நெட்டி

மாட்டுப் பொங்கலன்று மாட்டுக் கழுத்தில் நெட்டி மாலை கட்டுகிறோம். குளத்தில் வளரும் செடியின் உள்தண்டு அது. தஞ்சாவூரில் அதைச் செதுக்கிக் கோயில் பொம்மை செய்கிறார்கள். அந்த நெட்டிக்கு இன்னொரு வேலையும் கொடுக்கலாம்.

குச்சி ஓட்டையைச் சுத்தம் செய்யும். அந்த ஓட்டையில் சுழலும் அச்சு நுனியை எது சுத்தம் செய்வது? துணியால் துடைத்தால் நுனி வளைந்துவிடும். மேல்நாட்டுத் தொழிலாளிகள் எல்டர் என்ற மரத்தின் கிளைக்குள் இருக்கும் பஞ்சு போன்ற தண்டைப் பயன்படுத்தினார்கள். அதில் நுனியை மெதுவாகக் குத்தி, ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் எண்ணெயும் அழுக்கும் தண்டோடு போய்விடும். நெட்டிக்கும் அதே குணம். மென்மை. எண்ணெயை இழுத்துக் கொள்ளும். சாமணத்தின் நுனி, ஸ்குரூ டிரைவரின் நுனி எல்லாவற்றையும் அதில் குத்தித் துடைத்துக் கொள்ளலாம். பெரிய சக்கரங்களின் அச்சுக்குத் தைரியமாகச் செய்யலாம். பேலன்ஸ் சக்கரத்தின் நுனிக்கு மட்டும் பழகிய கை வேண்டும்.

ஊசிக்கும் மரியாதை உண்டு. ஓட்டையைக் குடைய அல்ல, எண்ணெய் விட! தையல் ஊசியின் கூர்முனையை லேசாகச் சூடாக்கித் தட்டி, மண்வெட்டி போல் பட்டையாக்கி, சாணைக்கல்லில் வழவழப்பாகத் தேய்த்து, ஒரு குச்சியில் செருகினால் எண்ணெய்க் கருவி தயார். அதன் நுனியில் தங்கும் எண்ணெய் குண்டூசித் தலையை விடச் சின்னது. ஒரு கல்லுக்கு அது போதும். "எண்ணெய் நிறைய விட்டால் நன்றாக ஓடும்" என்று நினைப்பவர்கள் கெடிகாரத்தைக் கொல்கிறார்கள். வழியும் எண்ணெய் தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும். தையல் மெஷின் எண்ணெய் இருந்த இடத்தில் நிற்காமல் பரவி ஓடிவிடும். கருவி வீட்டில் செய்யலாம். எண்ணெய் வீட்டு எண்ணெய் ஆகாது. கெடிகார எண்ணெய் என்றே விற்பதை வாங்க வேண்டும்.

ரப்பர் குமிழ் எதற்கு? ஊத! வாயால் ஊதினால் எச்சில் ஈரம் தெறிக்கும். எஃகு துருப்பிடிக்கும். குமிழை அமுக்கினால் காய்ந்த காற்று வரும். பாகங்களைப் பிரித்து வைக்க ஓட்டையில்லாத இட்லித் தட்டைப் போல் ஒரு சாமான் கிடையாது. ஒரு குழியில் ஒரு பாகம், அதற்குரிய திருகாணியோடு. மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டால் தூசியும் விழாது. குழந்தையும் கலைக்காது. திருகாணிகளைக் கழுவச் சின்ன டீ வடிகட்டி. துள்ளி ஓடும் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது, கையையும் சாமானையும் ஒரு பெரிய கண்ணாடிப் பாலிதீன் பைக்குள் விட்டுக் கொண்டு வேலை செய்தால் அது பைக்குள்ளேயே விழும். இல்லாவிட்டால் குடும்பமே தரையில் தவழ்ந்து தேட வேண்டியதுதான்!

பெட்ரோல் முழுக்கு

இனிமேல்தான் சண்டை.

சில இடங்களில் கெடிகாரத்தைப் பிரிப்பதே இல்லை. பின்மூடியைக் கழற்றுவார்கள். அப்படியே பெட்ரோலில் ஒரு முழுக்கு. கொஞ்சம் ஆட்டி எடுத்து, எண்ணெய் விட்டு, மூடிவிடுவார்கள். கெடிகாரம் உடனே ஓடும். வாங்கிப் போகிறவருக்குச் சந்தோஷம். "சர்வீஸ்" ஆகிவிட்டதாம்!

ஆகவில்லை. மேலே இருந்த அழுக்கு கரைந்து அச்சு ஓட்டைகளுக்குள் இறங்கியிருக்கிறது. பெட்ரோல் காய்ந்ததும் அழுக்கு அங்கேயே தங்கும். சில மாதத்தில் நின்று போகும். இடைப்பட்ட நாளெல்லாம் மணல் அச்சைத் தின்றிருக்கும். குச்சியும் பொறுமையும் உள்ள பெட்டிக் கடைக்காரர் ஒரு பக்கம். முழுக்குப் போடுகிறவர் இன்னொரு பக்கம். கூலியை மட்டும் பார்க்கும் ஜனங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாமல் நடப்பதால், முதல் ஆளுக்குப் பிழைப்புக் கெடுகிறது.

இதிலே புதிய வம்பு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. கெடிகாரத்தில் நங்கூரம் போல் ஒரு பாகம் உண்டு. அதில் இரண்டு சின்னக் கற்கள். பேலன்ஸ் சக்கரத்தின் கீழும் ஒரு கல். இவை எதனால் ஒட்டப்பட்டிருக்கின்றன தெரியுமா? அரக்கு! பாண்டவர்களைக் கொளுத்த துரியோதனன் கட்டினானே அரக்கு மாளிகை, அதே சாமான். ஒரு பூச்சி மரத்தின் மேல் கக்கும் பிசின்.

அரக்கு தண்ணீரில் கரையாது. சாராயத்தில் கரையும். அதனால்தான் இந்தப் பாகங்களை ஸ்பிரிட்டில் ஊறப் போடக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பெட்ரோல் பரவாயில்லை என்பது அந்தக் கால நினைப்பு. 2025-ல் இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. எத்தனால் என்பது சாராயம்தான். காருக்கு அது எப்படியோ, அரக்குக்கு ஆகாது! பங்க்கில் வாங்கிய பெட்ரோலில் கெடிகாரத்தை ஊறப் போடுகிறவர், கல் நழுவினால் யாரைக் குறை சொல்வார்?

வீட்டில் வேண்டாம் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து போய் அடுப்பில் பற்றிக் கொள்ளும். அதில் கலந்திருக்கும் பென்சீன் ரத்தத்தைக் கெடுக்கும் விஷம். ஒரு வாட்சுக்காக வீட்டைக் கொளுத்திக் கொள்ள வேண்டியதில்லை. குச்சி, நெட்டி, ரப்பர் குமிழ் இந்த மூன்றோடு வீட்டு வேலையை நிறுத்திக் கொள்வது நல்லது.

ஒளிரும் முள்

இன்னொரு அபாயம். இது உயிர் சம்பந்தப்பட்டது.

தாத்தா காலத்து வெளிநாட்டுக் கெடிகாரம் சில வீடுகளில் இருக்கும். முள்ளிலும் எண்களிலும் பழுப்பு நிறப் பூச்சு தெரியும். ஒரு காலத்தில் இருட்டில் பச்சையாக ஒளிர்ந்த பூச்சு அது. இப்போது ஒளிராது. அதனால் சத்துப் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் இதற்கு ரேடியம் கலந்தார்கள். ஒளிரும் பொருள்தான் கெட்டுப் போனது. ரேடியம் அப்படியே இருக்கிறது. அதன் சக்தி பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும்!

அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்து ஆரஞ்சு நகரத்தில் இந்தப் பூச்சு அடித்த இளம்பெண்கள் கதை உலகம் அறிந்தது. முதல் உலகப் போர் சமயத்தில் வேலை துவங்கியது. எண்கள் ரொம்பச் சின்னவை. பிரஷ் முனை கூராக இருக்க வேண்டும். ஆகவே உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குள் போயிற்று. சில வருஷத்தில் பற்கள் உதிர்ந்தன. தாடை எலும்பு அழுகியது. பல பெண்கள் இறந்தார்கள். மற்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1928-ல் கம்பெனி பணம் கொடுத்துச் சமாதானம் செய்து கொண்டது.

ஆகவே அப்படிப்பட்ட முகப்பை வீட்டில் திறக்கவே கூடாது. குச்சியால் சுரண்டுவதோ, ஊதுவதோ கூடவே கூடாது. எந்தக் கெடிகாரமானாலும், சீவிய குச்சியை வாயில் வைத்து நனைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். ரிப்பேர்காரர்களில் சிலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது!

அப்பாவின் ஜனதா

எச்.எம்.டி. கெடிகாரத் தொழிற்சாலை 1961-ல் பெங்களூரில் ஜப்பானியக் கம்பெனியான சிட்டிசன் ஒத்துழைப்போடு துவங்கியது. முதல் சம்பளத்தில் வாங்கியது, மாமனார் வீட்டுச் சீர், ரிட்டயர் ஆன நாளில் ஆபீசில் கொடுத்தது என்று அந்தக் கெடிகாரங்கள் தமிழ்நாட்டு வீடுகளில் நிறைய. 2016-ல் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவு செய்தது. இனி அச்சு நுனி தேய்ந்து போனால் புது அச்சு சுலபத்தில் கிடைக்காது. இன்னொரு செத்த கெடிகாரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்படி எடுக்க எடுக்க, அதுவும் தீரும்.

விற்று லாபம் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். "17 ஜுவல்ஸ்" என்று முகப்பில் எழுதியிருக்கிறதே! அந்தக் கற்கள் மாணிக்கம்தான். ஆனால் உலையில் செய்த மாணிக்கம். 1902-ல் பிரெஞ்சு ரசாயனி வெர்னூயி வழி கண்டு சொன்ன பிறகு அவை மலிந்துவிட்டன. பதினேழையும் சேர்த்தால் ஒரு தோசைக்குக் கூடக் காணாது. அந்தக் கெடிகாரத்தின் மதிப்பு அப்பா கையில் அது இருந்த வருஷங்கள்தான். அதை முழுக்குப் போடுகிறவர் கையில் கொடுப்பது அநியாயம். ஆசைப்பட்டு வீட்டுப் பையன் கையில் கொடுப்பதும் அநியாயம்.

ஆனால் பையன் கற்றுக்கொள்ளக் கூடாதா? கற்றுக்கொள்ளட்டும். பரணில் கிடக்கும் பழைய டைம்பீஸ் எதற்கு இருக்கிறது? அதன் சக்கரங்கள் பெரியவை. ஓட்டைகள் கண்ணுக்கே தெரியும். குச்சி சீவிப் பழக அதைப் போல் வாத்தியார் கிடையாது. ஒரு எச்சரிக்கை: டைம்பீசின் பெரிய ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கும்போது பிரிக்கவே கூடாது. பாய்ந்து விரலைக் கிழித்துவிடும். பழகிய பெரியவர் ஒருவர் முதலில் அந்த முறுக்கை இறக்கித் தர வேண்டும். பிறகு பிரிக்கலாம். மூன்று டைம்பீஸ் பிரித்துப் பூட்டிய பையன், நாலாவது தடவை ரிப்பேர்காரர் பெட்டிக்கு முன்னால் நின்று பேரம் பேச மாட்டான்.

ரிப்பேர்காரர்களும் ஒன்று செய்யலாம். வேலை முடிந்ததும் கடைசியாக எடுத்த குச்சியையும், முதலில் எடுத்த கறுப்புக் குச்சியையும் ஒரு காகிதத்தில் வைத்து, கெடிகாரத்தோடு கொடுக்கலாம். எதற்குக் கூலி என்று வாங்குகிறவர் கண்ணால் பார்த்துக் கொள்வார்.

பொங்கல் சமயத்தில் நெட்டி கடைவீதிக்கு வரும். சிவப்பும் பச்சையும் வாங்கக் கூடாது. சாயம் அச்சில் ஒட்டும். சாயம் போடாத வெள்ளைத் தண்டாகக் கேட்டு வாங்கி, ஈரம் படாமல் டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். ஒரு முழம் இருந்தால் பல வருஷத்துக்குக் காணும்.